வெள்ளை சைக்கிளின் பெல்

சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒருவர் பெல் மட்டும் விற்கமாட்டேன் என்று சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் அத்தான் கடைக்கு வாருங்கள், காட்டுகிறேன். டயர் இருக்கும், ட்யூப் இருக்கும், சீட் கவர் விதவிதமான நிறத்தில் தொங்கும். பெல் கேட்டால் மட்டும், "தீர்ந்துபோச்சு" என்பார். ரிப்பேருக்கு வருகிற வண்டியில் பெல் இருந்தால் முதலில் அதன்மேல் ஒரு துணியைச் சுற்றுவார். அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார்.

ஏன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னார். அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு பழைய வீலைச் சுற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் கதை விடுவதாக நினைக்காதீர்கள். பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் அத்தானுக்குப் பொய் வராது. வந்திருந்தால் ஒரு பங்க்சரை மூன்று பங்க்சர் என்று சொல்லி இந்நேரம் மாடி கட்டியிருப்பார். நடந்தது இதுதான்.

என் அக்கா மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. "ஒரு தடவையாவது வந்துட்டுப் போங்கப்பா" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு விமானம் ஏறப் பயம். அத்தான் மட்டும் கிளம்பினார். பெட்டியில் பேத்திக்குத் துணிமணி. அதற்கு அடியில் ஒரு பையில் ஸ்பேனர்கள்.

"அங்க போயும் இதுவா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கை சும்மா இருக்காதுடி" என்றார்.

போன புதிதில் அவர் பார்த்ததெல்லாம் அதிசயம்தான். தெரு நிறைய வீடு, தெருவில் ஆளில்லை. இவ்வளவு கார் ஓடுகிறது, ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை. ரோட்டைக் கடக்கக் கம்பத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வண்டிகளெல்லாம் நின்றுவிடுகின்றன. முதல் தடவை தனக்காக நின்ற காரைப் பார்த்து இவர் கும்பிடு போட்டிருக்கிறார். குளிர்காலம் வேறு. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். நாலு மணிக்கே தெருவிளக்கு எரியும்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது ஒரு குட்டைச் சுவர். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்தது. யாராவது எதையாவது வழியில் தவறவிட்டால், கண்டவர்கள் எடுத்து அந்தச் சுவர்மேல் வைத்துவிடுவார்கள். ஒற்றைக் கையுறை, குழந்தையின் ஷூ, மூக்குக் கண்ணாடி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தொலைத்தவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். யாரும் வராமல் ரொம்ப நாள் கிடந்தால், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளை தங்கமான பையன், ஆனால் அளந்துதான் பேசுவார். அத்தான் போன மூன்றாம் நாளே அந்தக் கட்டடத்தின் பொதுக் கதவு கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் விட்டிருக்கிறார். தரையெல்லாம் எண்ணெய் சொட்டி, மேல் வீட்டு அம்மாள் வழுக்கப் பார்த்து, சண்டைக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளை அவளிடம் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாமா, இங்க வெளியில எதையும் தொடாதீங்க. எது யாரோடதுன்னு நமக்குத் தெரியாது."

மரியாதையாகத்தான் சொன்னார். மகள் மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். தன்னால் மகள் தலைகுனிந்தாள் என்பது அத்தானுக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. இனி ஒரு பேச்சு வரக்கூடாது என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். அந்தச் சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் அவர் வேலை. அவள் தன் குட்டி சைக்கிளில் நடைபாதையோரம் போவாள். இவர் பின்னாலேயே வேகநடை நடப்பார். வழியில் ஒரு போஸ்ட்மேன் பையன் எதிரே வருவான். அவனும் சைக்கிள்தான். ஒருநாள் அவன் செயின் கழன்று நின்றபோது அத்தான் போய் ஒரே நிமிஷத்தில் மாட்டிக்கொடுத்தார். அவன் அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த நாட்டில் அவரை ஒரு தொழிலாளியாக மதித்த ஒரே ஆள் அவன்தான். அவன் வண்டியில் பெல் கிடையாது. பேத்தியைப் பார்த்தால் வாயாலேயே "டிரிங், டிரிங்" என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்த வெள்ளை சைக்கிளை அத்தான் பார்த்தது பள்ளிக்கூடத் தெரு திரும்புகிற முனையில்.

ஒரு கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பெரியவர்கள் ஓட்டுகிற வண்டி. முழுக்க வெள்ளை. பிரேம் மட்டுமல்ல... டயர் வெள்ளை, சீட் வெள்ளை, பெடல் வெள்ளை, செயின்கூட வெள்ளை. "எவன்டா இவன், பெயிண்ட் அடிக்கத் தெரியாதவன்" என்று அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு டயரிலும் காற்றில்லை. முன்வீல் எட்டுப் போட்ட மாதிரி வளைந்திருந்தது. ஹேண்டிலில் காய்ந்துபோன ஒரு பூங்கொத்து.

பூவைப் பார்த்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். புது வண்டி எடுத்தால் நாம் என்ன செய்வோம்? பூச்சுற்றிப் பொட்டு வைப்போம். இங்கேயும் யாரோ ஆசையாகப் புது வண்டி எடுத்து, புதுப் பெயிண்ட் அடித்து, பூ வைத்து, அப்புறம் எங்கேயோ மோதிவிட்டு, ரிப்பேர் செய்ய ஆளில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் கணக்கு அதுதான். அவர் கடைக்கு வந்த பூ வைத்த வண்டியெல்லாம் அப்படித்தான் வந்திருக்கின்றன. வேறு எப்படி நினைப்பார்?

மறுநாள் குழந்தையை விட்டுவிட்டு ஸ்பேனர் பையோடு போனார். மாப்பிள்ளை சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. "எடுக்கவா போறேன்? சரி பண்ணத்தானே போறேன்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். காய்ந்த பூவை வண்டியில் வைக்கக்கூடாது என்று பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் வீலில் பெண்டு எடுத்தார். செயினிலிருந்து பெயிண்டைச் சுரண்டினார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றினார். தன் வேலைக்கு மரியாதை செய்கிறார் என்று அத்தான் நினைத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது அத்தான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹேண்டிலில் ஒரு பெல் இருந்தது. அதுவும் வெள்ளை. பெயிண்ட் அடைத்துக்கொண்டு தட்டினால் சத்தம் வரவில்லை. வீட்டில் வைத்துச் சுத்தம் செய்து நாளைக்குக் கொண்டுவந்து மாட்டலாம் என்று கழற்றினார். அப்போது ஒன்றைக் கவனித்தார். பெல் இருந்த இடத்தில் தடமே இல்லை. ஒரு வண்டிக்குப் பெல்லோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்தால், பெல்லைக் கழற்றிய இடத்தில் பழைய நிறம் வளையமாகத் தெரியவேண்டும். இங்கே கீழேயும் வெள்ளை, ஒரே சீராக. பெல்லுக்கு முன்பே பெயிண்ட் இருந்திருக்கிறது. ஆனால் பெல்லிலும் அதே பெயிண்ட்...

நாற்பது வருஷ அனுபவம் ஒரு நொடி அவரைத் தொட்டுக் கூப்பிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மகளின் நகப்பூச்சு அழிக்கிற மருந்தால் தேய்த்ததில் பெல் தங்கம் மாதிரி மின்னியது. மூடி மட்டும் துருப்பிடித்துத் திறக்கவில்லை. தட்டிப் பார்த்தார். கணீர் என்றது. பேத்தி ஓடிவந்தாள்.

"தாத்தா, எனக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அடுத்தவர் வண்டியிலிருந்து ஒரு நட்டைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளாத மனிதர், அந்த பெல்லைப் பேத்தியின் சைக்கிளில் மாட்டினார். மகள் கேட்டபோது, "பையில கிடந்தது" என்றார். ஒரே ஒரு பொய். அதுவும் குழந்தைக்காக.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். வெளியே இருட்டு. சைக்கிள் வாசல் நடையில், செருப்பு அலமாரியில் சாய்த்து வைத்திருந்தது.

டிரிங்.

"பாப்பா, வீட்டுக்குள்ள அடிக்காதன்னு சொன்னேன்ல?" என்றாள் மகள், போனிலிருந்து தலையெடுக்காமல்.

பாப்பா அப்பா மடியில் படுத்திருந்தாள்.

"குளிருக்கு இரும்பு சுருங்கும். அதான் சத்தம்" என்றார் மாப்பிள்ளை. அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து.

மறுநாள் காலையில் பெல்லைத் துடைக்கப் போனார். கட்டைவிரல் வைத்துத் தட்டுகிற இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. தேய்த்துச் சுத்தம் செய்த பெல். தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டியது.

ஈரப் பெயிண்ட்.

குழந்தை விளையாட்டு என்று துடைத்துவிட்டார். வீட்டில் பெயிண்டே இல்லை என்பது துணியை அலசும்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வருகிறார்கள். பேத்தி முன்னால். அவள் இரண்டு கையிலும் தடித்த கையுறை. அந்த முனை வந்தது. வெள்ளை சைக்கிள் கம்பத்தில் நின்றது.

டிரிங்.

"தாத்தா, நான் அடிக்கல."

டிரிங்... டிரிங்...

"சரிடா கண்ணு, இறங்கு. இறங்கி நில்லு."

அவள் இறங்கவில்லை. சைக்கிள் நடைபாதையை விட்டுக் கீழே இறங்கியது. ரோடு சரிவு இல்லை. மேடு. மேட்டில் ஏறிப் போகிறது.

"தாத்தா! நான் மிதிக்கல!"

அத்தான் ஓடினார்.

வலப்பக்கம் ஒரு வேன் வந்தது. டிரைவர் இவர்களைப் பார்க்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

அத்தானின் கைக்குக் குழந்தையின் புத்தகப்பை வார் சிக்கியது. இழுத்தார். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். குட்டி சைக்கிள் மட்டும் போனது. வேனின் டயர் அதன் பின்சக்கரத்தை நசுக்கிவிட்டு நின்றது.

டிரைவர் குதித்து வந்தான். வெளிறிப்போயிருந்தான். எதிர்ப்பக்கத்தைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னான்.

"என்னம்மா சொல்றாரு?"

பேத்தி அழுதுகொண்டே சொன்னாள். "அந்தப் பக்கம் பெல் அடிச்சுதாம் தாத்தா. அதான் அங்க பார்த்தாராம்."

அந்தப் பக்கம் ஒரு சுவர் மட்டும்தான். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நாலு பத்து.

வீட்டுக்கு வந்து பெல்லைக் கழற்றினார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். திறக்கவே திறக்காத மூடியில் கை வைத்தார்.

தானாகச் சுழன்றது. கழன்று வந்தது.

உள்ளே ஸ்பிரிங் இல்லை. பல்சக்கரம் இல்லை. ஒன்றுமே இல்லை. வெறும் தகடு.

மூடி இடதுகையில். தகடு வலதுகையில்.

டிரிங்.

அன்று அவர் கதவைத் திறந்து வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை கூடத்தில்தான் இருந்தார். நசுங்கிய சைக்கிளைப் பார்த்து, "குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும் மாமா. நீங்க மட்டும் இல்லைன்னா..." என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து முதல்முறையாக மாப்பிள்ளையின் கண்ணில் ஒரு மதிப்பு. அதை இழக்க அத்தானுக்கு மனசு வரவில்லை. பெல் அவர் சட்டைப்பையில் இருந்தது.

காலையில் அதைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று அந்த முனைக்குப் போனார். வெள்ளை சைக்கிளுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் புதுப் பூங்கொத்து. குனிந்து, கம்பத்தைச் சுற்றி எதையோ தேடினாள். குப்பைத்தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். அப்புறம் அந்த சீட்டில் முகத்தை வைத்து அழுதாள்.

அத்தானின் கால் பின்னுக்கு வந்தது. கிட்டே போகத் தைரியமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் பயம். வருகிற வழியில் அந்தக் குட்டைச் சுவர். ஒரு கையுறைக்கும் ஒரு ஷூவுக்கும் நடுவில் பெல்லை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மதியம் பார்த்தபோது இல்லை. விட்டது சனியன் என்று அவருக்கு மூச்சு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். பின்னாளில் அவருக்கு எதைவிடவும் வெட்கமாக இருந்தது அந்தத் தூக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் நடக்கப் போனார்கள். அந்த முனையில் அதே பெண். மாப்பிள்ளை நின்று அவளிடம் ஏதோ பேசினார். பிறகு அத்தானிடம் மெதுவாகச் சொன்னார்.

"மாமா, இந்த வெள்ளை சைக்கிள் இருக்கே... சைக்கிள்ல போறவங்க அடிபட்டு இறந்த இடத்துல இப்படி வைப்பாங்க. இது இவங்க பொண்ணோடது. சாயங்காலம் நாலு பத்துக்கு அடிபட்ட அதே வண்டி. யாரோ பூவைத் தூக்கிப் போட்டுட்டாங்களாம். அது அந்தப் பொண்ணோட தோழிங்க கட்டினதாம்."

அத்தானின் கண் அந்த முன்வீலுக்குப் போனது.

"வீலை வேற யாரோ நிமிர்த்தியிருக்காங்க. அதுக்குக் கோபம் இல்லைங்கறாங்க. வளைஞ்சு கிடக்கறதைப் பார்க்கவே முடியல, யாரோ புண்ணியவான்ங்கறாங்க."

மகள் திரும்பினாள். அவள் கண் அப்பாவின் முகத்துக்கு வரவில்லை. கைக்குப் போனது. எத்தனை கழுவியும் போகாத கறுப்பு, நகக்கண்ணில் எண்ணெயோடு சேர்ந்து வெள்ளைத் துணுக்கு. அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் கையுறைகளைக் கழற்றி, குழந்தைக்கு மாட்டிவிடுவது மாதிரி, அவர் கைகளில் மாட்டிவிட்டாள்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது அவருக்கு. மன்னிப்பாவது கேட்போம் என்று வாயைத் திறந்தார். வேறு ஒன்றுதான் வந்தது.

"அந்த பெல்லு... அது அவங்க பொண்ணு வாங்கினதான்னு கேளுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை விழித்தார். கேட்டார். அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். நிறையச் சொன்னாள்.

"பெல்லே இல்லையாம் மாமா. வாங்கி மாட்டுன்னு தினமும் திட்டுவாங்களாம், கேட்கவே இல்லையாம். ஆனா ஒரு விசித்திரம்... இடிச்ச லாரி டிரைவர் கோர்ட்டுல கடைசி வரைக்கும் ஒண்ணையே சொன்னானாம். எதிர்ப்பக்கம் சைக்கிள் பெல் கேட்டுச்சு, அதனாலதான் அங்க திரும்பிப் பார்த்தேன்னு. யாரும் நம்பலையாம்."

ஹேண்டிலில் அந்தத் தடமில்லாத வெள்ளை அத்தானின் கண்ணில் வந்து நின்றது. அப்படியானால் அவர் கழற்றியது...?

அதன்பிறகு தெருவில் போன ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டிலையும் பார்த்துக்கொண்டே அலைந்தார். எங்கேயும் காணவில்லை. போஸ்ட்மேன் பையனையும் காணவில்லை. லீவில் போயிருக்கிறான் என்றாள் பேத்தி. சுவரில் வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. மகள் அந்தப் பூ விஷயத்தைக் கணவனிடம் மறைத்துவிட்டாள். அவள் மறைத்ததை இவர் எப்படி உடைப்பது?

ஊர் திரும்புகிற நாள். டாக்சியில் மாப்பிள்ளையும் அவரும். தெரு முனையில் எதிரே போஸ்ட்மேன் பையன் வந்தான். இவரைப் பார்த்துக் கையை உயர்த்தினான். சிரித்தான்.

டிரிங்.

வழக்கமான சத்தம்தானே என்று இவரும் கையசைத்தார். அப்புறம்தான் கவனித்தார்.

அவன் வாய் மூடியிருந்தது.

ஹேண்டிலில் தங்க நிறத்தில் ஒன்று மின்னியது.

"நிறுத்துங்க" என்ற சொல் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை. என்ன மாமா என்பார். எது யாரோடது என்பார். எங்கே எடுத்தீர்கள் என்பார்...

டாக்சி திரும்பிவிட்டது.

இரண்டு வாரம் போயிருக்கும். கடையில் இருந்தார். மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"அப்பா, அந்த போஸ்ட்மேன் தம்பி போயிட்டாருப்பா. பஸ்ஸு மோதிடுச்சு. டிரைவர் வேற பக்கம் பார்த்துட்டு வந்தாராம்."

அத்தான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"பள்ளிக்கூடத் தெருவுல அவருக்கும் ஒரு வெள்ளை சைக்கிள் வெச்சிருக்காங்க. பாப்பா பூ வெச்சா. வெச்சுட்டு ஒரே அழுகை. அதுல இருக்கற பெல்லைக் காட்டி, 'இது என்னோடது, தாத்தா குடுத்தது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா."

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா... அது எப்படிப்பா அங்க போச்சு?"

"கடையில ஆள் வந்திருக்காங்கம்மா. அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார்.

கடையில் அப்போது யாரும் இல்லை.